இல்லாத மரத்துக்கு விலகி ஓடியவள்

போன கிழமை நமது வகுப்புக் குழுவில் நடந்த சண்டையை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பாதிப் பேர் அதில் இறங்கியும் விளையாடினீர்கள். டவுனில் வருடாவருடம் நடக்கும் பாடசாலைத் தடகளப் போட்டியில், காசு கட்டிப் படிக்கும் தனியார் பாடசாலைகளுக்கு ஒரு பிரிவு, நம்முடையதைப் போன்ற அரசாங்கப் பாடசாலைகளுக்கு இன்னொரு பிரிவு என்று இப்போது நடக்கிறது. அதை அப்படியே விடுவதா, முன்னைப்போல எல்லோரையும் ஒன்றாக ஓடவிடுவதா என்பதுதான் சண்டை. ஒருவன் ஏழு குரல் பதிவு அனுப்பியிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. அதைக் கவனித்த நம் வகுப்புத் தலைவன் எழுதினான்: "எங்கடா மகஜர்க்காரன்? பிரிச்சு வைச்சவனே ஒளிச்சிட்டான்."

அவன் சொன்னது உண்மை. பிரித்துத் தரும்படி கேட்டுப் போன மகஜரை எழுதியவன் நான்தான். அதற்காக அந்தக் காலத்தில் என் முதுகில் நீங்கள் தட்டிய தட்டில் சட்டைத் தையலே விட்டது. அந்த மகஜரால் ஒருத்திக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் நான் முழுதாக யாருக்கும் சொல்லவில்லை. கைபேசியில் தட்டி முடிகிற கதையல்ல அது. பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டீர்கள், இதையே எழுதுகிறேன். முப்பதைத் தொடுமுன்பே காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. இனியும் பொத்தி வைத்திருக்கத் தேவையில்லை.

நமது மைதானத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கோடு போடச் சுண்ணாம்பு கிடையாது. நெல் ஆலையில் இருந்து சாக்கில் உமிச் சாம்பல் கொண்டுவந்து கொட்டிக் கோடு இழுப்போம். ஓடி முடித்தால் முழங்கால் வரைக்கும் சாம்பல். மழை பெய்த மறுநாள் அந்தச் சாம்பலும் வாவிப் பக்கத்துச் சேறும் கலந்து ஒரு மணம் வரும்; அதை நான் பிறகு வேறெங்கும் மணந்ததில்லை. ஒரு சுற்று முந்நூறு மீற்றர். அதுவும் சரியான வட்டமில்லை. கடைசி வளைவில் ஒரு நாவல் மரம் நின்றது. அந்த இடத்தில் இரண்டடி வெளியால் விலகி ஓட வேண்டும். விலகாவிட்டால் வேர் தடக்கி முகம் குப்புற விழுவோம். மரத்தை வெட்டச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நாவற்பழக் காலத்தில் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டித் திரிந்தவர்கள்தானே நாமெல்லாம்.

அந்த மைதானத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடியவள் என் மச்சாள். அப்பாவின் தங்கை மகள், நமக்கு ஒரு வகுப்புக் கீழே. சும்மா நடக்கும்போது அவளைப் பார்த்தால் ஓட்டக்காரி என்று சொல்ல மாட்டீர்கள். ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். நெல் அவித்த பானையை இறக்கிய நேரம் பிடித்த சுளுக்கு என்று மாமி சொல்வார். ஓடத் தொடங்கினால் அந்தத் தோளும் மற்றத் தோளும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். காலடிச் சத்தம் கேட்காது. பக்கத்தில் ஓடுகிறவர்களுக்குத் தங்கள் மூச்சுத்தான் கேட்கும்.

மகஜருக்கு முந்திய வருடம், இரண்டு பிரிவு இல்லாத காலத்தில், அவள் டவுன் போட்டியின் இறுதி ஓட்டத்துக்குப் போனாள். தனியார் பாடசாலையில் இருந்து நீலச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண்ணும் வந்திருந்தாள். மச்சாளுக்கு வெறுங்கால். கடைசிச் சுற்று வரைக்கும் இரண்டு பேரும் ஒட்டி வைத்தது போல வந்தார்கள். கடைசி வளைவில் மச்சாள் முந்தினாள். நாம் எல்லோரும் எழும்பி நின்றோம். அப்போதுதான், வெறும் புல்லும் வெள்ளைக் கோடும் மட்டுமே இருந்த அந்த வளைவில், அவள் இரண்டடி வெளியால் விலகினாள். ஏன் விலகினாள் என்று டவுன்காரர் எவருக்கும் விளங்கவில்லை. நமக்கு விளங்கியது. அவளுடைய கால் நமது நாவல் மரத்துக்கு விலகியது. திறந்துவிட்ட உள்பக்கத்தால் நீலச் சப்பாத்துக்காரி நுழைந்தாள். ஒரு தோள் வித்தியாசத்தில் போய்விட்டது.

திரும்பி வரும்போது பாதையில் நின்றபடி, அதுதான் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் நமது தட்டைப் படகில், மச்சாள் என்னிடம் சொன்னாள்: "மச்சான், அடுத்த வருசம்தான் எனக்குக் கடைசி. வயசு முடிஞ்சிரும். ஒருக்கா அவளோட சரியா ஓடிப்போட்டா எனக்குப் போதும்."

"அவளை வெல்லோணும் எண்டு சொல்லு."

"சரியா ஓடோணும் எண்டுதான் சொன்னன். காது கேக்கலையா உனக்கு?"

கேட்கத்தான் இல்லை. எனக்கு அன்று கோபம்தான் கேட்டது. பதக்க மேசையில் அடுக்கியிருந்த கிண்ணங்களில் பாதிக்கு மேல் ஒரே பாடசாலைக்குப் போயிருந்தது. அவர்களுக்கு விடுதி, பயிற்றுநர், ஈட்டிக்கென்றே ஒரு அறை. நமது நீளம் பாய்தல்காரப் பொடியனையும் இலவசமாகப் படிக்க வைப்பதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவன் இப்போது அவர்கள் சட்டையில் பாய்ந்தான். நம்மைக் கண்டதும் கையசைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மணலைத் தட்டிக்கொண்டு நின்றான்.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். வாங்கில் இருக்கச் சொல்லவில்லை, கதிரையே தந்தார். "நீதான் நம்மட பாடசாலையில நல்லா எழுதுறவன். ஒரு மகஜர் எழுது. தனியார் பாடசாலைகளுக்குத் தனிப் பிரிவு. நம்மட பிள்ளையளுக்கும் ஒரு மெடல் கிடைக்கட்டும்," என்றார். எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அப்பா வாவியில் வலை போடுகிறவர். பெயர் எழுதத் தெரியாது. எனக்குக் கதிரை கிடைத்த கதையை அன்று அம்மா மூன்று வீட்டில் சொன்னார். நான் ஒரு கிழமை எடுத்து எழுதினேன். "செல்வந்தர்களின் பிள்ளைகள்" என்று எழுதினேன். "வசதி வாய்ப்பற்ற எமது பிள்ளைகளால் அவர்களுக்கு ஈடாக ஓட இயலாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கின்றோம்" என்று எழுதி, அந்த வரி இறங்கிய அழகைப் பார்த்து நானே இரண்டு தரம் வாசித்தேன்.

முதல் கையெழுத்து விளையாட்டுத் தலைவியுடையதாக இருக்க வேண்டும் என்றார் அதிபர். தலைவி மச்சாள்தான். ஓடிவிட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"மகஜர். நம்மட பொடியனைக் கூட்டிட்டுப் போனாங்களே, அதுக்கு எதிரா."

"நீ எழுதினதுதானே? கிறுகி நில்லு." திரும்பி நின்றேன். கடதாசியை என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கை ஈரம் சட்டையால் ஊறி முதுகில் குளிர்ந்தது. நான் சொன்னது பொய்யில்லை. கூட்டிக்கொண்டு போன கதையும் மூன்றாம் பந்தியில் இருந்தது. மிச்சத்தைச் சொல்லாமல் விட்டேன். அவளுக்கு ஒரு முதலிடம் வாங்கிக் கொடுக்கிறேன், வந்த பிறகு தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் தோணியில் இருந்து இறங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பெருவிரலை மையில் ஒற்றிக் கடதாசியில் வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மகன் எழுதியதை மகனிடமே வாசிக்கச் சொல்லிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். இரண்டு நாள் அந்த விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வைத்திருந்தார். இன்னும் முப்பது, நாற்பது பேர் அப்படித்தான் வைத்தார்கள். ஒருவருக்கும் நான் வாசித்துக் காட்டவில்லை.

அந்த வருடம் முழுக்க மச்சாள் செய்த வேலையை நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் எதற்கென்று தெரிந்திருக்காது. விடியக்காலையில் மைதானத்துக்கு வராமல் வட்டைக்கு நடுவே போகும் வாய்க்கால் கட்டில் ஓடினாள். கட்டு நேரானது. இரண்டு பக்கமும் வயல். அதில் ஒரு மரமும் இல்லை. "காலுக்கு மரத்தை மறக்கடிக்கோணும்," என்பாள். எருமைகள் நிமிர்ந்து பார்க்கும். விதைப்பில் தொடங்கினாள், கதிர் முற்றியபோதும் ஓடிக்கொண்டிருந்தாள். சில நாள் நான் சைக்கிளில் பின்னால் போவேன். ஒரு நாள் நேர் கட்டிலேயே அவள் திடீரென்று இரண்டடி விலகியதைக் கண்டேன். அவளும் தெரிந்து நின்று, வந்த வழியே நடந்து, அந்த இடத்தை மறுபடி நேராக ஓடினாள். எட்டுத் தரம். எனக்கு எண்ணி அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை.

போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் விண்ணப்பப் படிவம் வந்தது. இரண்டு பிரிவு. அதிபர் சந்தோசத்தில் வெல்லக்கட்டி வாங்கிப் பங்கிட்டார். மச்சாள் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்ப அவள்?"

"அவள் மற்றப் பிரிவு."

"என்னோட ஓட மாட்டாளா?"

"உனக்குத்தானே நல்லது. முதலிடம் உறுதி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. விளங்காமல் பேசும் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி. ஒரே மைதானம், ஒரே நாள்தானே. நேரத்தைப் பிடி. அவள்ட நேரத்தையும் என்ட நேரத்தையும் பக்கத்தில வைச்சுப் பார்ப்பம்." அன்றே மறுபடி வாய்க்கால் கட்டுக்குப் போய்விட்டாள்.

போட்டி நாள் காலையில் தனியார் பிரிவு ஓடியது. நீலச் சப்பாத்துக்காரி தனியாக முன்னால் வந்தாள். அவளுடைய நேரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பின்னேரம் நமது பிரிவு. இருபதுக்கு மேற்பட்ட பாடசாலைகள், பொழுது போய்க்கொண்டிருந்தது. நேரம் பிடிக்கிறவர்கள் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "முதல் மூன்று இடம் தெரிஞ்சாக் காணும்," என்று கொடியோடு நின்றார்கள். ஆகவே என் கைபேசிதான் மிச்சம். வெடிச் சத்தத்தோடு அழுத்தினேன்.

நண்பர்களே, அப்படியொரு ஓட்டத்தை நான் பிறகு தொலைக்காட்சியிலும் பார்க்கவில்லை. இரண்டாம் சுற்றில் அவளுக்குப் பக்கத்தில் ஆளில்லை. மூன்றாம் சுற்றில் பின்னாலும் ஆளில்லை. இல்லாத ஒருத்தியைத் துரத்திக்கொண்டு வந்தாள். கடைசி வளைவு வந்தது. அவள் உள்கோட்டை விட்டு ஒரு விரலும் விலகவில்லை. அதைக் கண்டு நான் துள்ளிய துள்ளலில் பக்கத்தில் இருந்தவரின் தேத்தண்ணி என் காலில் ஊற்றியது. அவள் கோட்டைக் கடந்தாள். நான் கையைத் தட்டினேன்.

அழுத்த மறந்துவிட்டேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து, "எவ்வளவு?" என்றாள். கைபேசியைக் காட்டினேன். இலக்கங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. அப்போது நீலச் சப்பாத்துக்காரி, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நம்மிடம் வந்தாள்.

"அக்கா, உங்கட நேரம் என்ன?"

"இவரைக் கேளுங்க. இவர்ட கணக்கில நான் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கன்."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் காலையில தனியத்தான் ஓடினன். நீங்க வருவீங்க எண்டு ஒரு வருசமா நினைச்சிட்டு இருந்தன்."

"நானும்," என்றாள் மச்சாள்.

அந்த வருடம் நமது பாடசாலைக்குப் பதினொரு பதக்கம். பிரித்தது முழுப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பரிதி வட்டம் எறிதலில் மூன்றாமிடம் வந்த நம் வகுப்புப் பொடியனின் அப்பா, அந்தச் சான்றிதழை உழவு மெசினில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியது நினைவிருக்கிறதா? அதற்கு முன் அந்த மனிசன் பாடசாலை வாசலையே மிதித்ததில்லை. அதுவும் மகஜரால் வந்ததுதான். ஆனால் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அதிபர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லாம் இந்தப் பேனையால் வந்தது என்று சொல்லி, மகஜரின் பிரதியை உரக்க வாசித்தார். பதக்கத்தோடு முன்வரிசையில் நின்ற மச்சாள், "ஓட இயலாது" என்ற வரியை அங்கேதான் முதல் முதலாகக் கேட்டாள். நீங்கள் கைதட்டினீர்கள். அவள் பதக்கத்தைக் கழற்றி உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என்னால ஏலாது எண்டு எழுதின கடதாசியில என்ட கையெழுத்தையே முதல்ல வாங்கியிருக்காய்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீலச் சப்பாத்துக்காரி பாதையில் வந்து இறங்கினாள். இரண்டு பேரும் போட்டி மைதானத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா பழைய மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்தார். பின்னால் மீன் பெட்டி கட்டிய தழும்பு இருந்தது. டவுன் சந்தையில் மீன் விற்கிறவர். விடுதியும் படிப்பும் மகளுக்கு இலவசமாகக் கிடைத்ததாம், நம் நீளம் பாய்தல்காரனைப் போலவே. செல்வந்தர் என்று எழுதிய எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரும் என் அப்பாவும் ஐந்து நிமிசத்தில் இறால் கதையில் இறங்கிவிட்டார்கள்.

எங்கே ஓடுவது என்ற கேள்வி வந்தது. நமது மைதானத்தில் ஓடினால் மச்சாள்தான் வெல்வாள். நாவல் மர வளைவு அவளுக்குத்தான் தெரியும். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "மரத்தை வைச்சு வெண்டா அது மரத்தின்ட வெற்றி. வாய்க்கால் கட்டில ஓடுவம். நீங்க ஒருக்கா நடந்து பார்த்திட்டு வாங்க, நான் நிக்கிறன்." அந்தப் பெண் சப்பாத்தைக் கழற்றப் போனாள். "போட்டுட்டு ஓடுங்க. நீங்க பழகினது அதுதானே," என்றாள் மச்சாள்.

அறுவடை முடிந்த வட்டை. வைக்கோல் மணம். உமிச் சாம்பலால் நான் கோடு இழுத்தேன். மதகு வரை போய், அதைத் தொட்டுத் திரும்ப வேண்டும். பார்க்க இருந்தவர்கள் இரண்டு அப்பாமார், மாமி, நான், கொஞ்சம் எருமை. போகும்போது இரண்டு பேரும் ஒன்றாகவே சின்னதாகிப் போனார்கள். திரும்பி வரும்போது ஒன்றாகவே பெரிதாகி வந்தார்கள். கடைசி நூறு மீற்றரில் நீலச் சப்பாத்து முன்னால் வந்தது. மச்சாள் விட்டுக் கொடுக்கவில்லை, மறுபடி எட்டினாள், மறுபடி பின்தங்கினாள். இரண்டு கை நீளம். இந்தத் தடவை நான் நேரத்தை அழுத்தினேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

மச்சாள் வாய்க்கால் கட்டில் மல்லாந்து கிடந்து சிரித்தாள். "இப்பதான் சரியாத் தோத்திருக்கன். போன முறை மரத்திட்டல்லோ தோத்தன்." அந்தப் பெண் பக்கத்தில் இருந்து அவளுடைய காலைப் பிடித்துவிட்டாள். அவ்வளவு சந்தோசமான முகத்தை நான் பதக்க மேசைக்குப் பக்கத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

பிறகு மச்சாள் எழும்பி இருந்து, "மச்சான், பேனை இருக்கா? இன்னொரு மகஜர் எழுது. இந்த முறை நான் சொல்லுறன்," என்றாள்.

"உனக்கு வயசு முடிஞ்சுதே. இனி ஆருக்கு?"

"எனக்குப் பிறகு ஓடுறவளுக்கு. எழுது." அவள் சொன்னாள், நான் எழுதினேன்: எங்கட பிள்ளையளால ஏலும். சப்பாத்து இல்லை, மைதானம் வட்டமா இல்லை, ஓட்டம் சொல்லித்தர ஆளில்லை. அதுகளைத் தாங்க. பக்கத்தில ஓடுற ஆளை மட்டும் எடுக்காதீங்க.

"தாழ்மையுடன் எண்டு போடவா?"

"போட்டா வெட்டுவன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். நீலச் சப்பாத்துக்காரி போட்டாள். நான் கடதாசியையும் வீட்டுக்கு ஓடி எடுத்துவந்த மைப் பெட்டியையும் அப்பாவிடம் நீட்டினேன். அவர் பெருவிரலைத் தூக்கினார். மச்சாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, பொறுங்க. முதல்ல அவன் வாசிக்கட்டும்."

வாசித்தேன். அப்பா தலையை ஆட்டினார். பிறகு என்னைக் கேட்டார்: "மனே, மற்றதில என்ன எழுதியிருந்த?"

அது எனக்கு மனப்பாடம். அந்த அழகான வரியைச் சொன்னேன். அப்பா கனநேரம் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டு இருந்தார். "இந்தப் பிள்ளையால ஓட ஏலாது எண்டோ நான் விரல் வைச்ச?" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டாவது மகஜருக்கு "கவனத்தில் எடுக்கப்படும்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அது இன்னும் கவனத்திலேயே இருக்கிறது. மச்சாள் இப்போது செங்கலடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ரீச்சர். நான் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், ஒரு மேசையில் இருக்கிறேன். மேசை லாச்சியை இழுத்தால் நிறைய மகஜர். விரல் வைக்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் உரக்க வாசித்துக் காட்டுகிறேன். பின்னால் வரிசை நீள்கிறது என்று சக ஊழியர்கள் முணுமுணுப்பார்கள்.

குழுவில் நான் என்ன பக்கம் என்று கேட்டீர்கள். அன்று அப்பா விரலை மையில் ஒற்றி, அந்த இரண்டாவது மகஜரின் அடியில் இடமிருந்தும் அங்கே வைக்காமல், மச்சாளின் பெயருக்கு ஒட்டினாற்போல் அழுத்தி வைத்தார். அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.